கட்சி மாநாட்டில் ஏரிக்காகப் பேசுவது எப்படி? முதல்முறை வருகிறவர்களுக்கு

ஒகேனக்கல்லில் வெள்ளமாக ஓடுகிற காவிரி உபரிநீரைத் தருமபுரி மாவட்ட ஏரிகளுக்கு ஏற்றிவிடச் சொல்லி, நாங்கள் ஒரு பதினைந்து பேர் கட்சி மாநாடுகளுக்குப் போய் நோட்டீஸ் கொடுத்துப் பேசிவருகிறோம். எந்தக் கட்சி என்று பார்ப்பதில்லை. மாநில மாநாடு என்றால் எல்லா மாவட்டத்து ஆட்களும் ஒரே திடலில் கிடைப்பார்கள், அதிலும் நம்ம தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ நடந்தால் விடவே கூடாது. இந்த முறை புதிதாகச் சேர்ந்த தம்பி, தங்கைகள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "அங்க போய் யார்கிட்ட, என்னன்னு ஆரம்பிக்கிறது?" ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில், யாரைத் தேடிப் போகிறோம் என்பது மனதில் பதியவேண்டும். தலைவர் கையில் மனுவைக் கொடுத்து ஒரு போட்டோ எடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துப் பலர் வருகிறார்கள். அந்த மனு அடுத்த நொடியே உதவியாளர் கைக்குப் போய்விடும், அவரிடம் அன்றைக்கு ஒரு பை நிறைய மனு இருக்கும். நாம் தேடிப் போவது வேன் பிடித்து இருபது பேரைக் கூட்டிக்கொண்டு வருகிற கிளைச் செயலாளரை. ஊர் ஏரி காய்ந்தால் அவர் தோட்டத்து போர்வெல்லும் காயும். அதோடு ஒன்றியச் செயலாளரை அவர் கல்யாணம், காதுகுத்து, துக்கம் என்று மாதத்தில் நாலு தடவையாவது பார்க்கிறார், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார். நமக்கு அந்த இடம் எப்போதும் கிடைக்காது.

படி 1: ஒரு மாதம் முன்பே தீர்மானத்துக்கு எழுதிக் கொடுங்கள்

மேடையில் வாசிக்கிற தீர்மானங்களை அன்று காலையில் உட்கார்ந்து எழுதுவதில்லை. முன்கூட்டியே எழுதி, தலைமை பார்த்து, அச்சாகி வந்துவிடும். மாநாட்டுத் தேதி அறிவித்த வாரமே மாவட்டச் செயலாளரைப் போய்ப் பாருங்கள். நம் தொகுதி எம்எல்ஏ அந்தக் கட்சிக்காரர் என்றால் அவரையும் பாருங்கள். போகும்போது தீர்மான வாசகத்தையே நாலு வரியில் எழுதிக்கொண்டு போகவேண்டும். "ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்" என்கிற மனு நடை இங்கே உதவாது. அப்படியே எடுத்து வாசிக்கிற மாதிரி "என்று இம்மாநாடு அரசை வலியுறுத்துகிறது" என முடியட்டும்.

தீர்மானம் போட்டு என்ன ஆகப்போகிறது என்று சலித்துக்கொள்கிறவர்கள் நம் குழுவிலேயே உண்டு. அவர்களுக்கு நான் சொல்வது செங்கல்பட்டு. 1929இல் அங்கே நடந்த சுயமரியாதை மாநாட்டில், பெண்ணுக்கும் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். 1989இல் தமிழ்நாட்டில் அது சட்டமானது. நடுவில் 60 வருடம் எத்தனை ஊரில் எத்தனை பேர் அதைப் பேசிப் பேசி உயிரோடு வைத்திருந்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். திடலில் உட்கார்ந்திருக்கிற ஆளின் கருத்துக்கு மதிப்பு உண்டு என்பதற்கும் நம் ஊரிலேயே சாட்சி இருக்கிறது. 1956இல் திருச்சியில் நடந்த திமுக மாநில மாநாட்டில், தேர்தலில் நிற்கலாமா வேண்டாமா என்பதை வந்திருந்தவர்களிடமே ஓட்டு எடுத்துத்தான் முடிவு செய்தார்கள். அடுத்த வருடம் கட்சி தேர்தலில் இறங்கியது.

படி 2: ஒரே ஒரு கோரிக்கை

ஆரம்பத்தில் நாங்கள் செய்த பெரிய தப்பு இங்கேதான். மொரப்பூர் ரயில் பாதை, மாம்பழத்துக்கு விலை, அரசு வேலை, ஏரிக்குத் தண்ணீர் என்று ஒரே நோட்டீஸில் ஒன்பது கோரிக்கை போட்டோம். ஒவ்வொன்றும் நியாயமானதுதான். தருமபுரிக்கும் மொரப்பூருக்கும் இடையே 1906இல் ரயில் ஓடத் தொடங்கி 1941இல் நின்றுபோனது, அது திரும்ப வரவேண்டும் என்று கேட்பதில் என்ன தவறு? ஆனால் காலையில் நோட்டீஸ் வாங்கிப் படித்த ஒரு பெரியவரிடம் சாயங்காலம் கேட்டபோது அவருக்கு ரயில் மட்டும்தான் ஞாபகம் இருந்தது. நாங்கள் எதற்காக வந்தோமோ அந்த ஏரி அவர் மனதில் இல்லவே இல்லை. அன்றோடு முடிவு செய்தோம், ஒரு மாநாட்டுக்கு ஒரு கோரிக்கை.

படி 3: நோட்டீஸ்

ஏ4 தாளில் பாதி போதும். ஒரு பக்கம் படம்: காவிரி எங்கே போகிறது, ஏரிகள் எங்கே இருக்கின்றன, தண்ணீரை எந்த வழியாக ஏற்றவேண்டும். மறுபக்கம் நாலு வரி, ஒரு போன் நம்பர். எழுத்து பெரிதாக இருக்கட்டும், கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தவரும் படிக்கணும். எந்தக் கட்சியின் நிறமும் வராமல் கறுப்பு மையில் அடியுங்கள். கீழே அச்சகத்தின் பெயரும் முகவரியும், வெளியிடுகிறவர் பெயரும் முகவரியும் கட்டாயம் போடுங்கள். தேர்தல் சம்பந்தப்பட்ட நோட்டீஸ் என்றால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 127ஏ பிரிவின்படி இது இல்லாமல் அடிப்பதே குற்றம், ஆறு மாதம் வரை சிறைகூட உண்டு. எதற்கு வம்பு, எல்லா நோட்டீஸிலும் போட்டுவிடுங்கள்.

படி 4: மூன்று கேள்விக்குப் பதில் பழகுங்கள்

இதற்குத்தான் நேரம் ஒதுக்கவேண்டும். மாநாட்டுக்கு முந்தின ஞாயிறு ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, ஒருவர் கிளைச் செயலாளராகவும் இன்னொருவர் நாமாகவும் பேசிப் பழகுவோம். எந்த ஊர்க்காரர் வந்தாலும் சுற்றிச் சுற்றி இந்த மூன்றைத்தான் கேட்பார்.

ஒன்று: "ஒகேனக்கல் தண்ணிதான் குழாயில வருதே, இன்னும் என்ன?" ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் 2013இல் திறக்கப்பட்டது, தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் ஃபுளோரைடு இல்லாத குடிநீர் தருவதற்காக வந்தது. குடிக்கிற தண்ணீர் வேறு, ஏரியை நிரப்புகிற தண்ணீர் வேறு என்பதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். ஏரி நிரம்பாத ஊரில் போர் போட்டுப் போட்டு ஆழம் போய்க்கொண்டே இருக்கும். ஃபுளோரைடு கலந்த நம்ம பக்கத்துப் பாறைத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறையைப் பார்த்திருக்கிறோமே, அதை அவருக்கு நாம் விளக்கவே வேண்டியதில்லை.

இரண்டு: "டெல்டா விவசாயி தண்ணியில கை வைக்கலாமா?" தஞ்சாவூர், திருவாரூர் பக்கத்திலிருந்து வந்தவர்கள் கொஞ்சம் சூடாகவே கேட்பார்கள், கேட்கவேண்டிய கேள்விதான். மேட்டூர் 120 அடி நிரம்பிய பிறகு வெளியேறுகிற தண்ணீரின் அளவுக்குத்தான் கேட்கிறோம் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். 2018, 2022, 2024 என்று மேட்டூர் நிரம்பி வழிந்த வருடங்கள் அவர்களுக்கும் தெரியும். உச்ச நீதிமன்றம் 2018இல் சொன்னபடி சராசரி வருடத்தில் மாநில எல்லையில் தண்ணீரை அளக்கிற பிலிகுண்டுலுவில் நமக்கு வரவேண்டியது 177.25 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்றால் நூறு கோடி கனஅடி), அந்த வருடங்களில் அதைவிட அதிகமாகவே வந்தது. இந்த ஒரு கணக்கை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: வினாடிக்கு 1 லட்சம் கனஅடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் 8.64 டிஎம்சி. மேட்டூரின் மொத்தக் கொள்ளளவே 93.47 டிஎம்சிதான். சொன்னதும் எதிரில் நிற்பவர் மனதுக்குள் கணக்குப் போடுவது அவர் முகத்திலேயே தெரியும்.

மூன்று: "பள்ளத்துல ஓடுற தண்ணி மேட்டுக்கு எப்படிப்பா ஏறும்?" ஆறு கீழே, நம்ம நிலம் மேலே, பம்ப் வைத்துத்தான் ஏற்றவேண்டும், கரண்ட் செலவு உண்டு. மறைக்காமல் ஒத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அத்திக்கடவு–அவினாசியைச் சொல்லுங்கள். ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களில் 1,045 நீர்நிலைகளுக்குப் பவானி உபரிநீரைப் பம்ப் செய்து கொண்டுபோகிற திட்டம், தலைமுறை தலைமுறையாகக் கேட்டு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. சேலம் மாவட்டத்திலும் மேட்டூர் உபரிநீரை 100 ஏரிகளுக்கு ஏற்றத் திட்டம் போட்டிருக்கிறார்கள். அங்கே முடியும் என்றால் இங்கேயும் முடியும்.

இந்த மூன்றுக்கு வெளியே ஏதாவது கேட்டு உங்களுக்குத் தெரியாவிட்டால் "விசாரிச்சு நாளைக்கே போன் பண்றேன்ணா" என்று சொல்லி நோட்டில் எழுதுங்கள். வாய்க்கு வந்ததைச் சொல்லக்கூடாது. ஒரு தப்பான நம்பர் வெளியில் போனால் மொத்தக் கோரிக்கையையும் சந்தேகப்படுவார்கள்.

படி 5: அனுமதியும் உடையும்

திடலுக்குள் மேஜை போட மாநாட்டுப் பொறுப்பாளரிடம் எழுத்தில் கேளுங்கள். கிடைக்காவிட்டால் வெளியே வேன் நிற்கிற இடம், காவல் நிலையத்தில் முன்கூட்டியே சொல்லிவிட்டு. கரை வேட்டி, கலர் துண்டு, வேறு கட்சிப் படம் போட்ட போன் கவர்கூட வேண்டாம். தொண்டரணிக்காரர் கிளம்பச் சொன்னால் வாக்குவாதம் செய்யாமல் நூறடி தள்ளி நில்லுங்கள், அவருக்கும் ஒரு நோட்டீஸ் கொடுத்துவிட்டு.

படி 6: அன்றைய நாள்

காலை எட்டிலிருந்து பத்து வரை வேன்கள் வந்து இறங்கும். ஆட்கள் காலை நீட்டி, டீ குடித்து, மற்ற வேன் எங்கே என்று போன் செய்துகொண்டிருப்பார்கள். நல்ல நேரம். சாப்பாட்டு வரிசையில் நிற்பவரிடம் பேசாதீர்கள், சாப்பிட்டுவிட்டு நிழலில் உட்கார்ந்த பிறகு போங்கள். சாயங்காலம் தலைவர்கள் வரத் தொடங்கினால் நம் வேலை முடிந்தது.

இரண்டு இரண்டு பேராகப் போகணும். ஒருவர் பேச, ஒருவர் எழுத. பெண்களிடம் பேச நம் பெண்களில் ஒருவர் கட்டாயம் வேண்டும், குடத்தோடு நடந்தவர்கள் அவர்கள், இந்த விஷயத்தில் ஆண்களைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள். நோட்டீஸை எடுத்த எடுப்பில் நீட்டாதீர்கள். போன முறை பேச்சு இப்படித்தான் போனது:

"வணக்கம்ணா. எந்த ஊர்ல இருந்து வர்றீங்க?"

"பாலக்கோடு பக்கம்ப்பா."

"உங்க ஊர் ஏரி கடைசியா எப்பண்ணா கோடி போச்சு?"

கோடி போவது என்றால் ஏரி நிரம்பி வழிவது. அவர் உடனே பதில் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்தார். "டேய், நம்ம பெரியவன் எந்த வருசம் பொறந்தான்? அந்த மழையிலதான?" என்று ஆரம்பித்து, ஏரியில் மீன் பிடித்தது, கரையில் மாடு மேய்த்தது, போர் எத்தனை அடி போட்டும் புகையாக வந்தது என்று பத்து நிமிடம் அவர்தான் பேசினார். நான் பேசியது இரண்டு நிமிடம்கூட இருக்காது. கடைசியில் அவராகவே "அந்த நோட்டீஸைக் குடு, வேன்ல எல்லாருக்கும் தர்றேன்" என்று வாங்கிக்கொண்டார்.

அதனால் ஏரிக் கேள்வியோடு ஆரம்பியுங்கள், பதில் வரும்வரை வாயைத் திறக்காதீர்கள். அவசரப்பட்டு நாம் திட்டத்தை விளக்கத் தொடங்கினால் அவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்.

நோட்டில் ஐந்து கட்டம்: பெயர், ஊர், பொறுப்பு, செல் நம்பர், ஏரியின் பெயர். ஐந்தாவதை எழுதாமல் விட்டுவிடாதீர்கள். நம்பர் வாங்கும்போது எதற்காக என்று சொல்லி வாங்குங்கள், அந்த நோட்டை வேறு யாருக்கும் கொடுக்கக்கூடாது.

படி 7: மாநாடு முடிந்த எட்டு நாளைக்குள்

போன் செய்யும்போது ஏரியின் பெயரைச் சொல்லி ஆரம்பியுங்கள். "மாநாட்டுல பார்த்தோமேண்ணா" என்றால் அவருக்கு நினைவு வராது, அன்றைக்கு அவர் நூறு பேரைப் பார்த்திருப்பார். ஏரிப் பெயரைச் சொன்னால் உடனே பிடிபடும். ஒரு நாள் வருகிறோம் என்று சொல்லி நேரில் போய் அவரோடு ஏரிக்கரையில் நடங்கள், மதகையும் வரத்து வாய்க்காலையும் காட்டச் சொல்லிப் படம் எடுங்கள்.

அப்புறம் கிராம சபை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று வருகிற கூட்டங்களில் எது பக்கத்தில் இருக்கிறதோ அதில் ஏரித் தீர்மானத்தைக் கொண்டுவரச் சொல்லி அவரிடம் பேசுங்கள். கட்சிக்காரர் எழுந்து கேட்டால் ஊராட்சித் தலைவர் தள்ளிவிட யோசிப்பார், மற்ற கட்சிக்காரர்களும் இதில் எதிர்த்துப் பேசமாட்டார்கள். தீர்மானம் பதிவான பக்கத்தைத் தேதியும் கையெழுத்தும் தெரிகிற மாதிரி நகல் எடுத்து ஃபைலில் வையுங்கள். அடுத்த மாநாட்டுக்கு ஒரு மாதம் முன்பு மாவட்டச் செயலாளரைப் பார்க்கப் போவோமே, அன்றைக்கு நம் நாலு வரி வாசகத்தோடு அந்த நகல்களையும் சேர்த்துக் கட்டிக் கொண்டுபோகவேண்டும், மேலே இருக்கிற பக்கம் அவருடைய சொந்த ஒன்றியத்து ஊருடையதாக இருக்கட்டும்.