மூன்றாவது ஆளுக்கு ஓட்டுப் போடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோத்தகிரிப் பக்கம் சுயேச்சைகளுக்கும் சின்னக் கட்சிகளுக்கும் பூத் ஏஜென்டாக உட்கார்ந்து பழகியவன் நான். தேர்தல் அறிவிப்பு வந்தால் முதல் ஓட்டுப் போடப்போகும் பிள்ளைகள் யாராவது வந்து கேட்பார்கள்: "அண்ணா, ரெண்டு கட்சியும் வேண்டாம். வேற யாருக்காவது போடலாமா?"

தாராளமாகப் போடலாம். 1967 தொடங்கி 2021 வரை நடந்த ஒவ்வொரு சட்டமன்றத் தேர்தலிலும் ஆட்சி திமுகவுக்குப் போயிருக்கிறது, இல்லையென்றால் அதிமுகவுக்கு. பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியான விலை கேட்டு இந்த மலை எத்தனையோ முறை உண்ணாவிரதம் இருந்துவிட்டது. வேறு பக்கம் திரும்பிப் பார்க்கிற ஆளைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அப்படி முடிவெடுத்தவர்கள் வருஷத்துக்கு வருஷம் அதே தவறுகளைச் செய்வதைப் பார்க்கும்போதுதான் மனசு கேட்கவில்லை. பட்டியலில் பேர் இருக்கிறதா, அடையாள அட்டை கையில் இருக்கிறதா என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மற்றதைச் சொல்கிறேன்.

ஓட்டு வீணாகிவிடும் என்று பயப்படுவது

தோற்றவருக்குப் போட்ட ஓட்டு வீண் என்றால், இரண்டாம் இடம் வந்த பெரிய கட்சிக்கு விழுந்த ஓட்டும் வீண்தான்.

மாநில நிலவரத்தை வைத்துத் தொகுதியை எடைபோடுவது

"ரெண்டு கட்சி" என்று பொதுவாகச் சொல்கிறோமே, அந்த இரண்டும் எல்லா ஊரிலும் முதல் இரண்டு இடத்தில் இருப்பதில்லை. 2024 மக்களவைத் தேர்தலில் நீலகிரியில் திமுகவின் ஆ.ராசா ஜெயித்தார், இரண்டாவதாக வந்தவர் பாஜகவின் எல்.முருகன், அதிமுக மூன்றாவது. அந்தத் தேர்தலில் இங்கே மூன்றாவது ஆளுக்கு ஓட்டுப் போட்டேன் என்றால், அதிமுகவுக்குப் போட்டதாகவும் அர்த்தம் வரும்.

வித்தியாசத்தையும் பார்க்க வேண்டும். 2024இல் ராசா ஜெயித்தது 2,40,585 ஓட்டு வித்தியாசத்தில். அப்படிப்பட்ட தேர்தலில் யாருக்குப் போட்டாலும் முடிவு மாறாது, மனசுக்குப் பிடித்தவருக்கு நிம்மதியாகப் போடலாம். அதே மலையில் 2021 சட்டமன்றத் தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். உதகமண்டலத்தில் வித்தியாசம் 5,348, குன்னூரில் 4,105, கூடலூரில் 1,945. கூடலூரில் எஸ்டேட் லைன் வீடுகள் கொஞ்சம் மாறி ஓட்டுப் போட்டிருந்தால் எம்எல்ஏ வேறு ஆள். மலைக்குக் கீழே இன்னும் நெருக்கம்: 2016இல் காட்டுமன்னார்கோயிலில் திருமாவளவன் 87 ஓட்டில் தோற்றார், ராதாபுரத்தில் வித்தியாசம் வெறும் 49.

இப்படி இழுபறியான தொகுதியில் மூன்றாவது ஆளுக்குப் போடக் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். முன்னால் இருக்கும் இரண்டு பேரில் யார் வந்தாலும் தாங்கிக்கொள்வேனா என்று முந்தின நாளே உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். முடியாது என்று பதில் வந்தால் இந்தத் தேர்தல் அதற்கு நேரமில்லை. ஓட்டு எண்ணிய அன்றைக்கு "ஐயோ, இவரா வந்துட்டார்" என்று சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

நோட்டாவை மூன்றாவது ஆளாக நினைப்பது

என்னால் இன்றைக்கும் பொறுத்துக்கொள்ள முடியாத தவறு இதுதான்.

ஒரு சட்டமன்றத் தேர்தலில் பக்கத்து ஹட்டியை, அதாவது படுகர் ஊரைச் சேர்ந்த சிறு தேயிலை விவசாயி ஒருவர் சுயேச்சையாக நின்றார். அங்கீகாரம் பெற்ற கட்சி வேட்பாளரை முன்மொழிய ஒருத்தர் போதும். சுயேச்சை என்றால் தொகுதி வாக்காளர்கள் பத்துப் பேர் கையெழுத்துப் போட வேண்டும். பத்துப் பேரைச் சேர்க்கவே மனிதர் வீடு வீடாக நடந்தார். உறவுக்காரர்களே "பெரிய இடத்துப் பொல்லாப்பு எதுக்குப்பா" என்று ஒதுங்கினார்கள். டெபாசிட் 10,000 ரூபாயை இலை போட்ட காசிலிருந்து எடுத்துக் கட்டினார். ஜீப் வைக்க வசதியில்லை. நோட்டீஸ் கட்டைச் சுமந்துகொண்டு இரண்டு பையன்கள் அவர் கூடவே ஏறி இறங்கினார்கள். வாக்குப்பதிவு முடிந்த சாயங்காலம் டீக்கடையில் அதில் ஒருவன் சொல்கிறான்: "அவரு எப்படியும் ஜெயிக்கப் போறதில்லண்ணா. அதான் நோட்டாவுல குத்திட்டேன். நம்ம கோபம் மேல இருக்கறவங்களுக்குத் தெரியணும்ல."

அத்தனை நாள் கூட நடந்தவன், கடைசியில் அவருக்கு விழ வேண்டிய ஓட்டையே அவருக்குக் கொடுக்கவில்லை. இப்படிச் செய்தவன் அவன் ஒருவன் மட்டும் இல்லை. அதற்கப்புறம் வந்த தேர்தல்களிலும் இதே பேச்சை வேறு வேறு வாயிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நோட்டா எதற்கு வந்தது? 2013 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி வந்தது. அதற்கு முன்னால் யாருக்கும் போட விருப்பமில்லை என்றால் 49ஓ விதிப்படி தேர்தல் அலுவலரிடம் வாய்விட்டுச் சொல்லி, பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பூத்தில் இருக்கும் ஏஜென்டுகள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அந்த மறுப்பை ரகசியமாகச் செய்ய ஒரு பொத்தான் கிடைத்தது, அவ்வளவுதான். நிற்கிறவர்களில் ஒருத்தரும் வேண்டாம் என்று உங்களுக்கு உண்மையாகவே தோன்றினால் அழுத்துங்கள், அது உங்கள் உரிமை. யாரோ ஒருத்தர் வேண்டும் என்று நினைக்கிறவர் அதை அழுத்துவதைத்தான் தவறு என்கிறேன்.

ஜெயிக்காத வேட்பாளருக்கு விழுந்த ஓட்டு அதோடு முடிந்துபோவதில்லை. செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால் அவருடைய டெபாசிட் திரும்பி வரும். கட்சி வேட்பாளர் என்றால் அந்த ஓட்டு கட்சியின் மாநில சதவீதத்தில் சேரும். மாநிலம் முழுக்க 8 சதவீதம் வந்தால் ஒரு இடம்கூட ஜெயிக்காமலே மாநிலக் கட்சி அங்கீகாரம் கிடைக்கும், சின்னம் நிலைக்கும். 2024இல் நாம் தமிழர் கட்சிக்கு நடந்தது அதுதான். அந்தத் தேர்தலில் பழைய கரும்பு விவசாயி சின்னம் கைவிட்டுப் போய் மைக் சின்னத்தில் நின்றார்கள், 8 சதவீதத்தைத் தாண்டினார்கள், அங்கீகாரம் வந்தது. நோட்டாவில் விழுந்த ஓட்டு இது எதிலும் சேராது. டெபாசிட் கணக்கில் அது செல்லுபடியான ஓட்டாகவே எடுத்துக்கொள்ளப்படுவதில்லை.

நம் மாவட்டத்துக்கு இது நன்றாகவே தெரிந்திருக்க வேண்டும். 2014 மக்களவைத் தேர்தலில் நாட்டின் 543 தொகுதிகளிலேயே நோட்டாவுக்கு அதிகம் விழுந்தது நீலகிரியில்தான்: 46,559. பாஜக வேட்பாளரின் மனு தள்ளுபடியான தேர்தல் அது. அதிமுக ஜெயித்தது, திமுக இரண்டாவது, நோட்டா மூன்றாவது. காங்கிரஸ் வேட்பாளரே அதற்குக் கீழேதான். பத்திரிகைகள் ஒரு வாரம் பேசின. அப்புறம்? அந்த 46,559 பேருக்கு என்ன வேண்டும் என்று கேட்டு யாரும் மலையேறி வரவில்லை. கேட்க வேண்டும் என்றாலும் யாரிடம் போய்க் கேட்பது? அந்த ஓட்டு தேயிலை விலைக்காக விழுந்ததா, கூடலூர் நிலப் பட்டாவுக்காகவா, வேட்பாளர் இல்லாத கோபத்திலா, யாருக்கும் தெரியாது. அதே எண்ணிக்கை ஒரு ஆளின் பேரில் விழுந்திருந்தால் டெபாசிட்டுக்குப் போதியிருக்காது, உண்மைதான். ஆனால் 2016 சட்டமன்றத் தேர்தல் வரும்போது அந்த ஆளின் வீட்டு வாசலுக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் கார் வந்திருக்கும். அவர் என்ன சொல்லி ஓட்டுக் கேட்டார் என்பதையும் அவர்கள் காதுகொடுத்துக் கேட்டிருப்பார்கள்.

நோட்டா முதலிடம் வந்தால் மறுதேர்தல் என்று ஒரு நம்பிக்கை வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. மகாராஷ்டிரத்திலும் ஹரியாணாவிலும் 2018இல் உள்ளாட்சித் தேர்தல்களுக்கு மட்டும் அப்படி ஒரு ஏற்பாடு கொண்டுவந்தார்கள். நம் சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களில் அது கிடையாது. நோட்டா எவ்வளவு வாங்கினாலும் அதற்கு அடுத்த நிலையில் அதிக ஓட்டு வாங்கிய வேட்பாளர் ஜெயித்ததாக அறிவிப்பார்கள். இதைத் தெரியாமல் மறுதேர்தலை நம்பி அந்தப் பொத்தானை அழுத்துகிற பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு வருத்தத்தைவிட ஆத்திரம்தான் அதிகம் வருகிறது. அவர்கள் மேல் இல்லை, தெரிந்தே அதைப் பரப்புகிறவர்கள் மேல்.

சுயேச்சையும் சின்னக் கட்சியும் ஒன்று என்று நினைப்பது

சுயேச்சைக்குப் போடும் ஓட்டு அந்த ஆளோடு, அந்தத் தொகுதியோடு நின்றுவிடும். சின்னக் கட்சிக்குப் போட்டால், உங்கள் ஊரில் நிற்கும் ஆள் சுமாராக இருந்தாலும் ஓட்டு மாநிலக் கணக்கில் ஏறும். அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு தலைவர் என்ன செய்வார் என்பது வேறு விஷயம். தேமுதிக 2006இல் தனியாக நின்று 8 சதவீதத்துக்கு மேல் வாங்கியது, ஜெயித்தது விருத்தாசலம் ஒன்றுதான். 2011இல் அதிமுக கூட்டணியில் 29 இடம். இரண்டும் வேண்டாம் என்று 2006இல் முரசுக்குக் குத்தியவர்களில் எத்தனை பேர் அதை எதிர்பார்த்திருப்பார்கள்? கட்சியைத் தேர்ந்தெடுக்கும்போது, கூட்டணி பற்றி அதன் தலைவர் என்ன பேசியிருக்கிறார் என்று தேடிப் பாருங்கள்.

சின்ன ஆள் என்றால் நல்ல ஆள் என்று நம்புவது

வேட்பாளர் மனுவோடு கொடுக்கும் படிவம் 26 பிரமாணப் பத்திரம் தேர்தல் ஆணைய இணையதளத்தில் இருக்கிறது. சொத்து, கடன், வழக்கு எல்லாம் அதில் வரும். படியுங்கள்.

பேரை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு உள்ளே போவது

இயந்திரத்தில் அங்கீகாரம் பெற்ற கட்சிகள் மேலே வரும், பதிவு மட்டும் செய்த கட்சிகள் அதற்குக் கீழே, சுயேச்சைகள் கடைசியில். சுயேச்சைக்குச் சின்னம் கிடைப்பதே மனு வாபஸ் முடிந்த பிறகு, பிரசாரத்துக்கு அதிக நாள் இருக்காது. பேரை நம்பவே கூடாது. 2024இல் ராமநாதபுரத்தில் பலாப்பழம் சின்னத்தில் சுயேச்சையாக நின்ற முன்னாள் முதல்வர் ஓ.பன்னீர்செல்வத்தோடு, அதே பேரில் வேறு சிலரும் நின்றார்கள். வரிசை எண், சின்னம், படம் மூன்றையும் பார்த்து அழுத்துங்கள். யாருக்கு ஓட்டு விழுந்தது என்று சீட்டு அச்சடித்துக் காட்டும் விவிபேட் கருவியின் கண்ணாடிக்குள் அந்தச் சீட்டு 7 விநாடிதான் தெரியும், அவசரப்படாமல் நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.

ஓட்டுப் போட்டதோடு வீட்டுக்குப் போவது

சின்ன வேட்பாளர்களுக்குப் பாதி பூத்தில் ஏஜென்ட் இருக்கமாட்டார். ஏழு மணிக்கு வாக்குப்பதிவு என்றால் ஐந்தரைக்கே ஏஜென்டுகள் முன்னால் இயந்திரத்தைச் சோதித்துக் காட்டும் மாதிரி வாக்குப்பதிவு தொடங்கும், நம் மலையில் அந்நேரத்துக்குப் பல ஊரில் முதல் பஸ்ஸே வந்திருக்காது. அதனால் அந்தந்த பூத்துக்கு அந்தந்த ஊர் ஆள்தான் வேண்டும். ஒருவர் காலையில், ஒருவர் மதியத்துக்கு மேல் என்று மாற்றி மாற்றி உட்கார்ந்தால் வேலைக்குப் போகிறவர்களுக்கும் கட்டுப்படியாகும். சாயங்காலம் வாக்குப்பதிவு முடிந்ததும் படிவம் 17சி நகலைத் தலைமை அலுவலரிடம் கையெழுத்தோடு கேட்டு வாங்குங்கள். அந்த பூத்தில் மொத்தம் எத்தனை ஓட்டு, இயந்திரத்தின் எண் என்ன என்று அதில் இருக்கும். எண்ணும் நாளில் உங்கள் மேஜைக்கு வரும் இயந்திரத்தோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். முடிவு வந்த பிறகு படிவம் 20 வரும், ஒவ்வொரு பூத்திலும் யாருக்கு எத்தனை என்று பிரித்திருக்கும். உங்கள் ஹட்டியில் உங்கள் ஆளுக்கு விழுந்தது நாற்பதா, நானூறா என்று அதில்தான் தெரியும். அடுத்த உள்ளாட்சித் தேர்தல் வேலையை அந்தத் தாளை வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.