வேட்டி சொன்ன துப்பு

பெற்றோரின் கல்யாண சூப்பர் 8 பிலிம் சுருளை ஒரு கடையில் 720×576 வீடியோவாக மாற்றி வாங்கி, வீட்டில் 1080 எச்.டி. அளவுக்குப் பெரிதாக்கினேன். அம்மாவின் அரக்குப் புடவை ஆரஞ்சு பக்கம் சாய்ந்துவிட்டது. பிலிம் சாயம் மங்கியது என்று நினைத்து, இரண்டு நாட்கள் நீலத்தைக் கூட்டிப் பார்த்தேன். அப்பாவின் வேட்டிதான் நீலம் பூத்தது.

அங்கேதான் துப்பு. கைவைக்கும் முன் வேட்டியின் வெள்ளையும் தூணின் சாம்பலும் பிசகவே இல்லை. சாயம் மங்கியிருந்தால் அவையும் நிறம் மாறியிருக்கும். பழைய கோப்பின் நிறக் கணக்கு பி.டி. 601, அதாவது சாதாரண அளவு வீடியோவுக்கான தரம்; பெரிதானதை பிளேயர் எச்.டி.க்கான 709 என்று படித்திருக்கிறது. இந்தக் குழப்பத்தில் வெள்ளையும் சாம்பலும் மாறாது, மற்ற நிறங்கள்தான் பிசகும். எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மென்பொருளில், நிறக் கணக்கை மாற்றும் கலர்ஸ்பேஸ் ஃபில்டரில் 601-ஐ 709 ஆக மாற்றியதும் அரக்கு திரும்பியது. அப்பாடா!

படத்தின் புள்ளிகளைத் துடைக்கும் இரைச்சல் நீக்கியையும் அணைத்துவிட்டேன். பிலிம் துகளோடு ஜரிகையையும் அது துடைத்திருந்தது.