யாழ்ப்பாணம் பிரதான வீதி: பழையதெல்லாம் ஒல்லாந்தர் கட்டியதல்ல

பிரதான வீதியின் பழைய கட்டடங்களை நடந்து பார்க்க வருபவர்கள், காலையில் கோட்டையில் தொடங்கிக் கிழக்கே சுண்டிக்குளிப் பக்கம் நடப்பதுதான் முதல் தவறு. வெயில் நேரே கண்ணில் அடிக்கும்; கூரையும் தூணும் கறுப்பாகத்தான் தெரியும். ஏழு மணிக்கு முன்பே சுண்டிக்குளிப் பக்கம் உள்ள பழைய பூங்காவடியில் தொடங்கி மேற்கே கோட்டைக்கு வாருங்கள். இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூட வரும். கோட்டைக் கொத்தளத்தில் நிழல் கிடையாது, ஒரு லீற்றர் தண்ணீராவது கையில் இருக்கட்டும்.

பழசாகத் தெரிவதையெல்லாம் 'ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) காலம்' என்று சொல்லிவிடுவது அதைவிடப் பெரிய தவறு. பழைய பூங்கா 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய அரசாங்க அதிபர் டைக் உருவாக்கியது. மணிக்கூட்டுக் கோபுரம் 1875இல் வேல்ஸ் இளவரசர் இலங்கைக்கு வந்ததன் நினைவாக எழுப்பப்பட்டு 1882இல் முடிந்தது. பொது நூலகக் கட்டடம் திறக்கப்பட்டது 1959இல்தான். 1981இல் எரிக்கப்பட்டுப் பின்னர் மீண்டும் கட்டப்பட்டது.

வீடுகளில்தான் கண் அதிகம் ஏமாறும். கூரையில் மங்களூர் ஓடு இருந்தால் வீடும் அந்த ஓட்டின் காலத்தது என்று எண்ண வேண்டாம். அந்த ஓடு 1860களிலிருந்துதான் செய்யப்பட்டது. கீழே நிற்கும் சுவர் அதற்கு எவ்வளவோ முந்தியதாக இருக்கலாம். கடைப் பெயர்ப்பலகைக்கு மேலே பாருங்கள், சாந்து உதிர்ந்த இடத்தையும் பாருங்கள். சிறு துளைகளும் பூக்கோலம் போன்ற வரிகளும் தெரிந்தால் அது முருகைக்கல், அதாவது கடற்பவளக் கல். அதைச் சுண்ணாம்புச் சாந்தில் கட்டினார்கள். சுண்ணாம்பு ஈரத்தையும் உப்பையும் வெளியே விடும். பிற்காலத்தில் மேலே சீமெந்து பூசியதால் ஈரம் உள்ளேயே அடைபட்டது. உப்பு பூத்து, பூச்சு கல்லையும் பெயர்த்துக்கொண்டு விழுகிறது. பழைய சுவருக்குப் பலமில்லை என்று முடிவு கட்டுவது அநியாயம். ஆனாலும் அதில் சாயவோ, கல்லை நோண்டவோ வேண்டாம்.

கோட்டை வாசலில் இருக்கும் 1680ஐக் கோட்டையின் பிறந்த ஆண்டாக எடுப்பதும் வழக்கம். 1619இல் யாழ்ப்பாண அரசு வீழ்ந்தபின் போர்த்துக்கேயர் கட்டியது நாற்கோணக் கோட்டை. 1658இல் அதைப் பிடித்த ஒல்லாந்தர் பின்னர் ஐங்கோணமாக மாற்றினர். வெளியரண்கள் 1792இல்தான் முடிந்தன. மூன்றே ஆண்டில் கோட்டை ஆங்கிலேயர் கைக்குப் போனது. உள்ளே சிதறிக் கிடப்பது 1706இல் கட்டிய தேவாலயம். அதை வீழ்த்தியது முதுமையல்ல, 1990இல் நடந்த சண்டை.

விறாந்தை தெருவை ஒட்டியிருக்கிறது என்பதற்காக ஏறிப் படமெடுக்காதீர்கள். ஆட்கள் குடியிருக்கும் வீடுகள் அவை. "ஐயா, வெளியில நிண்டு ஒரு படம் எடுக்கலாமோ?" என்று கேட்டால் பலர் உள்ளேயே கூப்பிடுவார்கள்.

கோட்டையோடு திரும்பிவிட்டால் பாதிக் கதைதான். யாழ்ப்பாண அரசின் அரசிருக்கை நல்லூரில் இருந்தது. அதைக் கடற்கரைக்கு மாற்றியவர்கள் போர்த்துக்கேயர். நல்லூரில் உள்ள மந்திரிமனை என்ற பழைய கட்டடத்துக்கும் சங்கிலியன் தோப்பு வளைவுக்கும் பின்னேரம் நாலு மணிக்குமேல் ஓட்டோவில் போங்கள். ஆனால் மந்திரிமனையை அப்படியே அரசர் காலத்துக் கட்டடம் என்று சொல்லிவிட வேண்டாம். இன்று காணும் வேலைப்பாட்டில் ஐரோப்பியப் பாணி கலந்திருக்கிறது.