முதல் தூண்டில் ராடும் ரீலும்: குறைந்த செலவில் எதைப் பார்த்து வாங்குவது

புதிதாக மீன்பிடிக்க வருகிறவர்கள் பளபளக்கும் ராடைப் பார்த்து மயங்கி, தூண்டில் நரம்பைச் சுற்றி வைக்கும் ரீலைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறார்கள். யோசிக்க வேண்டியது ரீலைப் பற்றித்தான். விலை குறைந்த ராடு வளையும், நிமிரும்; அதற்குமேல் அதில் கெட்டுப்போக அதிகமில்லை. பல்சக்கரம், ஸ்பிரிங், உருளை, டிராக் (மீன் பலமாக இழுத்தால் நரம்பை நழுவவிடும் பிரேக்) வாஷர் என்று தேய்கிற பாகங்கள் எல்லாம் ரீலுக்குள்தான் இருக்கின்றன. கையிலிருக்கும் தொகையில் ரீலுக்குக் கொஞ்சம் தூக்கலாகவே ஒதுக்குங்கள். நரம்புக்கும் தனியாக ஒரு பங்கு எடுத்து வையுங்கள்.

முதல் ரீல் ஸ்பின்னிங் ரீலாகவே இருக்கட்டும். ராடுக்கு அடியில் தொங்கும் வகை இது. எறியும்போது, நரம்பு சுற்றியிருக்கும் ஸ்பூல் சுழலாது. நரம்பு அதன் விளிம்பைத் தாண்டிச் சுருள் சுருளாக வெளியேறும். பெய்ட்காஸ்டிங் ரீலில் ஸ்பூலே சுழலும். எறிந்த பாரத்தின் வேகம் குறைந்த பிறகும் ஸ்பூல் சுற்றிக்கொண்டிருந்தால், கட்டைவிரலால் அடக்கிப் பழகாதவர் கையில் நரம்பு குருவிக்கூடாகச் சிக்கிவிடும். மூடி போட்ட ஸ்பின்காஸ்ட் ரீல் சிறுவர்களுக்கு எளிது என்றாலும் அதில் நரம்பு குறைவாகவே பிடிக்கும், டிராக்கும் பலவீனம்.

அளவு 2500 அல்லது 3000 போதும். இந்த எண்ணுக்குப் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒரு நிறுவனத்தின் 3000, இன்னொன்றின் 2500 அளவுக்குத்தான் இருக்கும். எனவே ஸ்பூலின் மேல் அச்சிட்ட கொள்ளளவைப் பாருங்கள். 0.28 முதல் 0.30 மி.மீ. வரை தடிமனுள்ள நரம்பு 120 முதல் 150 மீட்டர் பிடித்தால் சரி. பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் பேரிங் எண்ணிக்கையை நம்பி விலை கொடுக்க வேண்டாம். மட்டமான பத்து பேரிங்கைவிட உருப்படியான மூன்று மேல். "10 கிலோ டிராக்" என்ற விளம்பரமும் அப்படித்தான். நீங்கள் பயன்படுத்தப் போவது ஒன்று, ஒன்றரை கிலோ இழுவைதான். அந்த அளவில் அது வழுவழுப்பாக ஓடுகிறதா என்பதே கேள்வி.

கடையில் ரீலைக் கையில் எடுத்ததும் கைப்பிடியை மெதுவாகச் சுற்றுங்கள். வேகமாகச் சுற்றினால் எல்லா ரீலும் நன்றாகத்தான் தோன்றும். மெதுவாகச் சுற்றும்போது மணல் அரைப்பதுபோல் நறநறப்போ, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இடிப்போ தெரிந்தால் அதை வைத்துவிட்டு வேறொன்றை எடுங்கள். அடுத்து கைப்பிடியை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். கொஞ்சம் ஆட்டம் இருக்கலாம், லொடலொடக்கக் கூடாது. பட்டனை அழுத்தி மடக்கும் கைப்பிடியைவிடத் திருகி மாட்டும் கைப்பிடியில் ஆட்டம் குறைவு. இடப்பக்கம், வலப்பக்கம் இரண்டிலும் மாட்ட முடிகிறதா என்றும் கேளுங்கள். வலக்கையால் எறிகிறவர்களுக்கு இடக்கையால் சுற்றுவது வசதி.

நரம்பை ஸ்பூலில் ஏற்றிவிடும் வளைந்த பெயில் கம்பியைத் திறந்து மூடினால் 'டக்'கென்று உட்கார வேண்டும். அது முடிகிற இடத்தில் இருக்கும் சிறு உருளையை விரல் நகத்தால் தள்ளிப் பாருங்கள். உருளாமல் நின்றுபோனால் நரம்பு ஒரே இடத்தில் உரசி நைந்துபோகும், முறுக்கும் ஏறும். மலிவான ரீல்களில் முதலில் மக்கர் செய்வது பெரும்பாலும் இந்த உருளைதான். ஸ்பூலின் விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டுங்கள். சின்னப் பிசிறு இருந்தாலும் ஒவ்வொரு எறிதலிலும் நரம்பை அறுக்கும். அலுமினிய ஸ்பூல் கிடைத்தால் பிளாஸ்டிக்கை விட்டுவிடலாம்.

கடைசியாக டிராக். குமிழைப் பாதிக்குத் திருகி, ஸ்பூலில் நரம்பு இருந்தால் அதைப் பிடித்து, ஒரே சீராக இழுங்கள். இழுவை தொடங்கும் கணத்தில் முரண்டு பிடித்து, பிறகு சட்டென்று விடுகிறதா? அந்தத் தொடக்க முரண்டில்தான் நரம்பு அறுகிறது. மீன் ஓடத் தொடங்கியதும் அறுந்துபோவதற்கு இதுவே முக்கியக் காரணம். விலை ஒன்றாக இருந்தால் பின்பக்க டிராக்கைவிட முன்பக்க டிராக் நல்லது. அதில் வாஷர்கள் அகலமாக இருக்கும்.

ராடைப் பொறுத்தவரை 6 முதல் 7 அடி நீளம், மீடியம் அல்லது மீடியம்-லைட் பலம். கைப்பிடிக்கு மேலே கம்பில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள்: நரம்பு 8–14 பவுண்டு, எடை 7–21 கிராம் என்பதுபோல் இருக்கும். அந்த எடை என்பது ஈயம், முள், இரை எல்லாம் சேர்ந்தது. 20 கிராம் ஈயம் போட்டு, 15 கிராம் இரையும் கோத்து முழு வீச்சில் எறிந்துவிட்டு, ராடு முறிந்தால் கடைக்காரரைத் திட்டுவதில் நியாயமில்லை. நுனி மட்டும் வளையும் ஃபாஸ்ட் ராடு லூருக்கு (செயற்கை இரைக்கு) நல்லது. மெத்தென்ற இரையை அது பாதி வழியிலேயே முள்ளிலிருந்து உதறிவிடும். இரை போட்டுப் பிடிக்கத் தொடங்குகிறவர்களுக்கு நடுப்பகுதிவரை வளையும் மாடரேட் ராடே தோது.

கார்பன் லேசானது, கடியை நன்றாக உணர்த்தும். ஆனால் இடிபட்டால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்து, பின்னொரு நாள் முறியும். கண்ணாடியிழை கனமானது, மந்தமானது, முரட்டுத்தனத்தைத் தாங்கும். குறைந்த விலையில் இரண்டும் கலந்த ராடு கிடைத்தால் யோசிக்காமல் எடுக்கலாம். ஒன்றுக்குள் ஒன்றாக மடங்கும் டெலஸ்கோப்பிக் ராடு பைக்குள் அடங்கும் என்பதைத் தவிர, ஆரம்பநிலையாளருக்கு அதை வாங்கப் பெரிய காரணம் இல்லை. இணைப்புகளில் மணல் புகுந்து இறுகிவிடும். வளையங்கள் நேர்க்கோட்டிலிருந்து விலகும். எறியும்போதே ஒரு துண்டு உள்ளே சரியும். இரண்டு துண்டு ராடு வாங்குங்கள். பொருத்தும்போது லேசாகத் திருகி வளையங்களை நேராக்கலாம். பிரிக்கும்போது திருகாமல் நேராக இழுங்கள்.

வளையங்களின் உட்புறத்தில் பஞ்சு சுற்றிய காது குச்சியை விட்டுச் சுழற்றுங்கள். பஞ்சு இழை மாட்டினால் அங்கே விரிசல் இருக்கிறது. நுனி வளையத்தைத் தவிர குறைந்தது ஐந்து வளையங்கள் இருக்க வேண்டும்; நான்குடன் முடித்துவிட்ட ராடில் நரம்பு வளைவில் கம்பின் மேலேயே உரசும். இதைச் சோதிக்க நுனியைக் கையால் பிடித்து வளைக்காதீர்கள், நல்ல ராடுகூட அப்படி முறியும். நரம்பை எல்லா வளையத்திலும் கோத்து, ஒருவரை அதன் முனையைப் பிடிக்கச் சொல்லி, கைப்பிடியை மெதுவாக உயர்த்துங்கள். ரீலை அதன் இருக்கையில் வைத்து இறுக்கியபின் ஆட்டிப் பார்ப்பதும் அவசியம். இங்கே ஆட்டம் இருந்தால் எறிய எறியக் கூடும், குறையாது.

ராடும் ரீலும் சேர்ந்த காம்போ லாபகரமாகவே இருக்கலாம், மேற்சொன்ன சோதனைகளில் தேறினால். ஆனால் அதில் சுற்றி வரும் நரம்பைக் கழற்றிப் போட்டுவிடுங்கள். சுருள் படிந்துபோன அந்த நரம்போடு எறியப் பழகுகிறவர், தன் கை சரியில்லை என்றே நினைத்துக்கொண்டிருப்பார். புதிதாக 8 அல்லது 10 பவுண்டு மோனோஃபிலமென்ட் (ஒற்றை இழை நரம்பு) வாங்குங்கள். பல இழைகளைப் பின்னிய பிரெய்டு நரம்பு மெல்லியது, பலமானது, விலை கூடியது. சிக்கினால் எடுப்பது பெரும்பாடு. நேரடியாகச் சுற்றினால் ஸ்பூலிலேயே வழுக்கிச் சுழலவும் செய்யும்.

நரம்பு ஏற்றும் முறையில் பாதிப்பேர் தவறுகிறார்கள். முதலில் நரம்பை நுனியிலிருந்து கீழ்நோக்கி எல்லா வளையங்களிலும் கோத்துவிடுங்கள். பெயில் கம்பியைத் திறந்து, நரம்பை ஸ்பூலில் முடிந்து, பிறகு மூடுங்கள். பெயிலைத் திறக்காமலே முடிந்துவிட்டு, சுற்றினால் ஏன் ஏறவில்லை என்று குழம்புவது அடிக்கடி நடக்கிறது. கடையிலிருந்து நரம்பு சுற்றி வந்த உருளையை லேபிள் மேலே தெரியும்படி தரையில் கிடத்தி, ஈரத்துணியால் நரம்பைப் பிடித்தபடி இருபது சுற்று சுற்றுங்கள். இப்போது பிடியைத் தளர்த்திப் பாருங்கள். நரம்பு தானாகத் திருகிக்கொண்டால் தரையில் கிடக்கும் உருளையை மறுபக்கம் புரட்டிப் போட்டுத் தொடருங்கள். விளிம்புக்கு 2 மி.மீ. கீழே நிறுத்துங்கள். அதைத் தாண்டி நிரப்பினால் கொத்துக் கொத்தாக அவிழ்ந்து சிக்கும். மிகக் குறைந்தால் விளிம்பில் உரசி எறிதல் தூரம் போகாது.

டிராக்கை நரம்பின் பலத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரை வையுங்கள். 10 பவுண்டு என்பது ஏறக்குறைய நாலரை கிலோ. ஸ்பிரிங் தராசை நரம்பின் முனையில் மாட்டி இழுத்தால் ஒன்றேகால் கிலோ காட்டும்போது ஸ்பூல் நழுவத் தொடங்க வேண்டும். முள்ளை நரம்பில் கட்டும்போது முடிச்சை எச்சிலால் நனைத்து இறுக்குங்கள். உலர்ந்த நரம்பு உராய்வுச் சூட்டில் பலமிழக்கும்.

எறிந்தபின் பெயிலைக் கையாலேயே மூடுவது நல்ல பழக்கம். கைப்பிடியைச் சுற்றி மூடினால் தளர்ந்த நரம்பு ஸ்பூலில் ஏறி, அடுத்த எறிதலில் முடிச்சாக வரும். மீன் டிராக்கை இழுத்துக்கொண்டு ஓடும்போது சுற்றாதீர்கள். நரம்பு உள்ளே வராது, ஒவ்வொரு சுற்றுக்கும் முறுக்குதான் ஏறும். மீன் கரைக்கு வந்ததும் ராடைச் செங்குத்தாக நிமிர்த்தித் தூக்க வேண்டாம். முழுப் பளுவும் மெல்லிய நுனியில் விழுந்து முறிவது அப்போதுதான். வலையால் அள்ளுங்கள்.

கார்பன் ராடில் மின்சாரம் பாயும். மின்கம்பிக்கு அடியில் எறிவதும், இடி முழங்கும்போது ராடைப் பிடித்து நிற்பதும் உயிருக்கு ஆபத்து.

உப்பு நீரில் பயன்படுத்தினால் அன்றே டிராக்கை இறுக்கிவிட்டு, நல்ல தண்ணீரை மெல்லத் தெளித்துக் கழுவுங்கள். குழாயை வேகமாகத் திறந்து பீய்ச்சினால் உப்பு பேரிங்குக்குள் போய் உட்காரும். உலர்ந்ததும் பெயில் உருளையில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, எடுத்து வைக்கும் முன் டிராக்கை முழுதும் தளர்த்திவிடுங்கள். இறுகியே கிடந்தால் வாஷர்கள் நசுங்கி, அடுத்த முறை அதே முரண்டைக் காட்டும்.