பாஸ்பேட் எங்கே தொலைகிறது? செல் சமிக்ஞை ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புரதங்களைப் பிரித்துச் சவ்வில் ஏற்றி ஆன்டிபாடியால் தேடும் வெஸ்டர்ன் பிளாட்டில், செல்லுக்குள் சமிக்ஞை கடத்தும் எர்க் என்ற புரதத்தின் மொத்த அளவு எல்லா லேனிலும் (ஒவ்வொரு மாதிரியும் ஓடும் வரிசையிலும்) பளிச்சென்று தெரிகிறது. அதே மாதிரியில் பாஸ்போ-எர்க், அதாவது பாஸ்பேட் ஏறிய எர்க் பார்த்தால் வெறும் சவ்வு. புதிதாக வந்த மாணவர் முதலில் ஆன்டிபாடியைத்தான் சந்தேகிப்பார். புதுக் குப்பிக்கு ஆர்டர் போய்விடும், மூன்று வாரம் காத்திருப்பார், அதிலும் ஒன்றும் வராது. தவறு நடந்தது ஆன்டிபாடியில் இல்லை. முதல் பிளாட்டுக்கு இரண்டு நாளுக்கு முன்பு, இன்குபேட்டரிலிருந்து செல் வளரும் தட்டை எடுத்து, செல்லை உடைக்கும் லைசிஸ் பஃபர் ஊற்றும் வரை போன அந்தப் பத்து நிமிடத்தில்தான் பாஸ்பேட் கழன்று போயிருக்கும். ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வருகிறவர்கள் இதே இடத்தில்தான் விழுகிறார்கள். குழாய்க்குப் பெயர் எழுத மறப்பது, டிரான்ஸ்ஃபரில் சவ்வைத் திருப்பி வைப்பது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. அவை ஒரு முறை பட்டால் தானே திருந்திவிடும்.

ஹன்டர் கதையைத் தப்பாகப் படிப்பது

இந்தத் துறைக்கு வருகிற எல்லோருக்கும் டோனி ஹன்டரின் கதை தெரிந்திருக்கும். 1979-இல் கலிஃபோர்னியாவின் சால்க் ஆய்வு நிலையத்தில் பாலியோமா வைரஸின் மிடில் டி புரதத்தோடு வேலை செய்துகொண்டிருந்தார். புரதத்தில் பாஸ்பேட் ஏறுவது செரின், திரியோனின் என்ற இரண்டு அமினோ அமிலங்களில்தான் என்று நம்பிய காலம் அது. எந்த அமினோ அமிலத்தில் பாஸ்பேட் இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கும் எலக்ட்ரோஃபோரசிஸ் பஃபரின் பிஎச் 1.9 இருக்க வேண்டும். அந்த பிஎச்-இல் பாஸ்போதிரியோனினும் பாஸ்போடைரோசினும் ஒன்றாகவே நகரும். புதிதாகக் கலக்காமல் பழைய பஃபரையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதால் அதன் பிஎச் 1.7-க்கு இறங்கியிருந்தது. யாரும் எதிர்பாராத புள்ளி ஒன்று தனியாகப் பிரிந்து நின்றது.

‘அலட்சியம் அதிர்ஷ்டம் கொண்டுவந்தது’ என்று இதை எடுத்துக்கொள்வதுதான் பிழை. அந்தப் புள்ளியை அழுக்கு என்று அவர் ஒதுக்கவில்லை. வேதியியல் முறையில் தயாரித்த பாஸ்போடைரோசினைப் பக்கத்தில் ஓடவிட்டு, இரண்டும் ஒரே இடத்தில் நிற்கின்றனவா என்று பார்த்தார். பஃபரின் பிஎச்-தான் காரணம் என்பதையும் கண்டுபிடித்தார். 1980-இல் பார்ட் செஃப்டனும் அவரும் ரவ்ஸ் சர்கோமா வைரஸின் சார்க் புரதம் டைரோசினில்தான் பாஸ்பேட் ஏற்றுகிறது என்று காட்டினார்கள். நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய்க்கு 2001-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இமாட்டினிப், பிசிஆர்-ஏபிஎல் என்ற டைரோசின் கைனேஸை (டைரோசினில் பாஸ்பேட் ஏற்றும் நொதியை) தடுக்கும் மருந்து. இந்த வழியில் வந்ததுதான் அது.

ஹன்டரின் ஆய்விலிருந்து ஓர் எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண செல்லில் புரதங்களின் மேல் ஏறியிருக்கும் பாஸ்பேட்டில் டைரோசினின் பங்கு சுமார் 0.03 சதவீதம்தான். நீங்கள் தேடுவது அவ்வளவு சிறியது. அதைக் கழற்றுவதற்கென்றே செல்லுக்குள் பாஸ்ஃபடேஸ்கள் என்ற நொதிகள் இருக்கின்றன.

கடிகாரத்தை நிறுத்தாமல் விடுவது

அதிகப் பணத்தையும் மாதங்களையும் தின்னும் தவறு இது. எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடப்பதும் இதுதான்.

செல் உயிரோடு இருக்கும்போது கைனேஸ் பாஸ்பேட்டை ஏற்றுகிறது, பாஸ்ஃபடேஸ் இறக்குகிறது. லைசிஸ் பஃபர் ஊற்றியதும் செல்லின் அறைகள் உடைந்து எல்லாம் ஒன்றாகக் கலக்கும். கைனேஸுக்குப் பாஸ்பேட் தரும் ஏடிபி நீர்த்துப்போவதால் ஏற்றும் வேலை நின்றுவிடும். இறக்கும் வேலைக்கு ஏடிபி தேவையில்லை, அதனால் அது மட்டும் தொடரும். ஐஸில் வைத்தால் வேகம் குறையுமே தவிர நிற்காது. ஆறு தட்டுகளை ஐஸில் வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றாக மீடியத்தை உறிஞ்சி, பிபிஎஸ் என்ற உப்புக் கரைசலால் மூன்று முறை கழுவி, கடைசியில் மொத்தமாக லைசிஸ் பஃபர் ஊற்றுகிறவரைப் பாருங்கள். முதல் தட்டுக்கும் ஆறாவது தட்டுக்கும் இடையே பத்து நிமிடமாவது போயிருக்கும். இஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணியைக் கொடுத்தால் பல செல்களில் பாஸ்போ-எர்க் ஐந்து நிமிடத்திலேயே உச்சத்துக்குப் போய்விடும். இப்படி எடுத்த மாதிரியில் 5 நிமிட லேனுக்கும் 15 நிமிட லேனுக்கும் என்ன அர்த்தம் இருக்கும்?

சரியான முறை இது. 0, 2, 5, 15, 30, 60 நிமிடம் பார்க்க வேண்டுமென்றால் 60 நிமிடத் தட்டுக்கு முதலில் இஜிஎஃப் கொடுங்கள், 2 நிமிடத் தட்டுக்குக் கடைசியில். எல்லாம் கிட்டத்தட்ட ஒரே வேளையில் முடியும்படி நேரத்தைத் தாளில் எழுதி வையுங்கள். முடிவு நேரங்களுக்கு இடையே ஒரு நிமிட இடைவெளி விடுங்கள். நேரம் வந்ததும் மீடியத்தை உறிஞ்சுங்கள், ஐஸ் போல் குளிர்ந்த பிபிஎஸ்ஸால் ஒரே முறை கழுவுங்கள், தட்டைச் சாய்த்து மிச்சத்தையும் உறிஞ்சி, உடனே லைசிஸ் பஃபரை விட்டுச் சுரண்டுங்கள். ஆறு குழித் தட்டில் ஒரு குழிக்கு 100 மைக்ரோலிட்டர் போதும். உறிஞ்சுவதிலிருந்து லைசிஸ் வரை முப்பது விநாடிக்கு மேல் போகக் கூடாது. ஒரு தட்டை முடித்துவிட்டுத்தான் அடுத்த தட்டைத் தொட வேண்டும்.

வெஸ்டர்ன் பிளாட் மட்டும்தான் நோக்கம் என்றால் இதைவிட உறுதியான வழி இருக்கிறது. புரதத்தின் மடிப்பைக் குலைக்கும் எஸ்டிஎஸ் என்ற சோப்பு ஒரு சதவீதம் கலந்த டிரிஸ் பஃபரை 95 டிகிரிக்குச் சூடாக்கி நேரே செல்லின் மேல் ஊற்றுங்கள். பாஸ்ஃபடேஸ்கள் அந்த நொடியே செயலிழந்துவிடும். டிஎன்ஏ வெளியே வந்து கரைசல் கஞ்சி போலக் கொழகொழக்கும். சோனிகேட்டரில் வைத்தோ 26 கேஜ் ஊசியில் இழுத்து விட்டோ உடைக்கலாம். எஸ்டிஎஸ் இருப்பதால் பிராட்ஃபோர்டு முறையில் புரதத்தை அளக்க முடியாது, பிசிஏ முறையில் அளக்கலாம். மாதிரியில் சேர்க்கும் டிடிடி என்ற ஒடுக்கி பிசிஏ அளவீட்டைக் கெடுக்கும், ஆகவே அளந்த பிறகுதான் அதைச் சேர்க்க வேண்டும்.

அடுத்து வனடேட். டைரோசின் பாஸ்ஃபடேஸைத் தடுக்க எல்லோரும் போடுவது சோடியம் ஆர்த்தோவனடேட். தூளைக் கரைத்து அப்படியே பயன்படுத்துகிறவர்கள்தான் அதிகம். அதில் பாதிப் பலன்கூடக் கிடைக்காது. 200 மில்லிமோலார் கரைசலுக்கு 3.68 கிராமை 100 மில்லி நீரில் கரையுங்கள். அமிலம் விட்டு பிஎச்-ஐ 10-க்குக் கொண்டுவரும்போது கரைசல் மஞ்சளாகும். வனடேட் அயனிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பத்துப் பத்தாகக் கோத்துக்கொண்டதன் நிறம் அது. கோத்த நிலையில் அது பாஸ்ஃபடேஸின் செயல்மையத்தில் பாஸ்பேட் போலப் போய் உட்காராது, தனித்தனியாக இருந்தால்தான் உட்காரும். கொதிக்க வையுங்கள். மஞ்சள் மெல்ல வெளுத்து, தண்ணீர் போலத் தெளிந்துவிடும். ஆறியதும் பிஎச் பாருங்கள், 10-இலிருந்து நகர்ந்திருக்கும். திரும்ப 10-க்குக் கொண்டுவந்தால் மறுபடியும் லேசாக மஞ்சள் எட்டிப்பார்க்கும். மறுபடியும் கொதிக்க வையுங்கள். பிஎச் 10-இலேயே நின்று, நிறமும் வராத வரை இதைத் தொடருங்கள். பிறகு சிறு குழாய்களில் பிரித்து மைனஸ் 20-இல் வையுங்கள். ஒரு மில்லி லைசிஸ் பஃபருக்கு 5 மைக்ரோலிட்டர் விட்டால் 1 மில்லிமோலார் கிடைக்கும். வனடேட் நச்சுப்பொருள், தூளை எடைபோடும்போது கையுறையும் முகமூடியும் கட்டாயம்.

இவ்வளவும் பொறுமையாகச் செய்துவிட்டு, அதே பஃபரில் உலோக அயனிகளைப் பிடிக்கும் இடிடிஏ-வைப் போடுவார்கள். ஏதோ ஒரு கட்டுரையின் செய்முறைப் பகுதியிலிருந்து பஃபரை அப்படியே எடுத்து எழுதியதன் விளைவு அது. இடிடிஏ வனடேட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு தடுப்பை நீக்கிவிடும். டிடிடி அதை வேதிமாற்றம் செய்து கெடுத்துவிடும். ஆக லைசிஸ் பஃபரில் இரண்டுமே வேண்டாம். புரதத்தைச் சிதைக்கும் நொதிகளுக்கான புரோட்டியேஸ் தடுப்பு மாத்திரை வாங்கும்போதும் இடிடிஏ இல்லாத வகையைக் கேட்டு வாங்குங்கள்.

வனடேட் மட்டும் போதும் என்று நினைப்பது இதே தவறின் அடுத்த முகம். செரின், திரியோனின் பாஸ்ஃபடேஸ்களுக்கு அது தடை இல்லை. சோடியம் ஃபுளூரைடு 50 மில்லிமோலார், பீட்டா-கிளிசரோபாஸ்பேட் 20 மில்லிமோலார் சேருங்கள். எர்க்1-இல் திரியோனின் 202, டைரோசின் 204 என்ற இரண்டு இடத்திலும் பாஸ்பேட் ஏற வேண்டும். இரண்டையும் சேர்த்து அடையாளம் காணும் ஆன்டிபாடிக்கு ஒன்று கழன்றாலே பேண்ட் (சவ்வில் தெரியும் பட்டை) மங்கிவிடும்.

நோயாளியின் திசுவில் இன்னும் சிக்கல். அறுவையில் ரத்தக்குழாயைக் கட்டிய நொடியிலிருந்து கட்டிக்கு ஆக்சிஜன் இல்லை. சில பாஸ்பேட் ஏறும், சில இறங்கும். ஃபார்மலின் திசுவுக்குள் மணிக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் ஊடுருவும். ஒரு சென்டிமீட்டர் துண்டை அப்படியே போட்டால் அதன் நடுப்பகுதியில் சில மணிநேரம் நொதிகள் வேலை செய்துகொண்டே இருக்கும். 3 மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் வேண்டாம். உறைய வைப்பதானால் திரவ நைட்ரஜனில் போடுங்கள், குழாயைக் கட்டிய நேரத்தையும் உறைய வைத்த நேரத்தையும் குறியுங்கள். பிறகு எடுக்கும்போது உருக விடாதீர்கள். நைட்ரஜன் ஊற்றிக் குளிரவைத்த உரலில் இடித்து, பொடி உறைந்திருக்கும்போதே லைசிஸ் பஃபரில் கொட்டுங்கள்.

பூஜ்ய நிமிட லேனிலேயே வெளிச்சம்

சீரத்தை 0.5 சதவீதத்துக்குக் குறைத்து 16 முதல் 24 மணிநேரம் செல்லைப் பட்டினி போட்டிருப்பார்கள். பிறகு இஜிஎஃப் கலந்த புது மீடியத்தை மாற்றி ஊற்றுவார்கள். மீடியத்தை மாற்றுவதே எர்க்கைத் தூண்டப் போதும். அதே மீடியத்திலேயே, 37 டிகிரிக்குச் சூடாக்கிய சிறு அளவு இஜிஎஃப்பைச் சேருங்கள். கட்டுப்பாட்டுத் தட்டுக்கும் அதே அளவு வெறும் கரைப்பானைச் சேர்க்க வேண்டும். தட்டை ஆட்டாமல் எடுத்துப் போங்கள்.

டிரிப்சின்

சமிக்ஞை பார்க்கப்போகும் செல்லை டிரிப்சின் என்ற நொதி போட்டுத் தட்டிலிருந்து கழற்றாதீர்கள், சுரண்டி எடுங்கள்.

பால்

ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமலிருக்கச் சவ்வைப் பாலில் ஊறவைப்பார்கள். பாலில் இருக்கும் கேசினே பாஸ்பேட் ஏறிய புரதம். பாஸ்போ ஆன்டிபாடிக்கு டிபிஎஸ்டி பஃபரில் 5 சதவீத பிஎஸ்ஏ (மாட்டு ஆல்புமின்).

பாஸ்பேட் ஏறினால் புரதம் விழித்தது என்று எழுதுவது

இதைக் கட்டுரையிலேயே எழுதிவிடுகிறார்கள், அதுதான் வருத்தம். சார்க் புரதத்தில் டைரோசின் 416-இல் பாஸ்பேட் ஏறினால் அது செயல்படும். 527-இல் ஏறினால் மடங்கி அடங்கிவிடும். 1986-இல் ஹன்டரும் ஜொனாதன் கூப்பரும் உடன் உழைத்தவர்களும் வெளியிட்டது இந்த 527-ஐப் பற்றித்தான். வைரஸின் சார்க்கில் 527 இருக்கும் அந்த வால் முனையே இல்லை, அதனால்தான் அது அடங்குவதில்லை. ஜிஎஸ்கே3 பீட்டா என்ற கைனேஸில் செரின் 9-இல் பாஸ்பேட் ஏறினாலும் செயல் குறையும். எந்த இடம் என்று சொல்லாமல் ‘பாஸ்போ-சார்க் கூடியது’ என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் தெரியாது.

பாதையை நேர்கோடாக நினைப்பதும் இதனோடு சேர்ந்ததே. ராபமைசின் மருந்து எம்டார்சி1 என்ற கைனேஸ் தொகுதியைத் தடுத்தால், பின்னூட்டத் தடை விலகி ஏகேடி என்ற இன்னொரு கைனேஸின் செரின் 473-இல் பாஸ்பேட் கூடலாம். பிராஃப் தடுப்பு மருந்தான வெமுராஃபெனிப், பிராஃப் மரபணு மாறிய மெலனோமா என்ற தோல் புற்றில் எர்க்கை அடக்கும். ராஸ் மரபணு மாறிய செல்லில் அதே மருந்து எர்க்கைத் தூண்டும். இது 2010-இல் வெளியானது. அந்த மருந்து எடுத்துக்கொண்ட சிலருக்குத் தோலில் வேறு வகைப் புற்று முளைத்ததற்கும் இதுவே காரணமாயிற்று. மருந்து கொடுத்தால் குறையும் என்று முடிவு கட்டிவிட்டு பிளாட்டைப் பார்க்காதீர்கள்.

ஒரே ஒரு தடுப்பான்

பிஐ3கே என்ற கைனேஸைத் தடுக்கும் எல்ஒய்294002 கொடுத்தேன், விளைவு நின்றது, ஆகவே காரணம் பிஐ3கே என்பது முடிவாகாது. அந்த மூலக்கூறு எம்டார், சிகே2 என்ற வேறு கைனேஸ்களையும் தடுக்கும். வேதி அமைப்பில் வேறுபட்ட இன்னொரு தடுப்பானையும் வைத்துப் பாருங்கள், கூடவே அந்த மரபணுவை அடக்கியும் பாருங்கள்.

பீட்டா-ஆக்டின்

ஒவ்வொரு லேனிலும் எவ்வளவு புரதம் ஏற்றினோம் என்பதைத்தான் பீட்டா-ஆக்டின் காட்டும். பாஸ்போ-எர்க்குக்குத் துணை மொத்த எர்க்தான்.

செல்லின் பெயர்

எம்டிஏ-எம்பி-435 என்ற செல் வரிசை பல ஆண்டுகள் மார்பகப் புற்று செல்லாக ஓடியது. மெலனோமாவான எம்14 அது. செல்லின் டிஎன்ஏ அடையாளத்தைக் காட்டும் எஸ்டிஆர் சோதனை செய்யுங்கள்.

ஆன்டிபாடியைச் சோதிக்காமல் நம்புவது

குறைந்த செலவில் முடியும் சோதனை இருக்கிறது, செய்கிறவர்கள்தான் குறைவு. இஜிஎஃப் கொடுத்த செல்லைப் பாஸ்ஃபடேஸ் தடுப்பான்களும் இடிடிஏ-யும் இல்லாத பஃபரில் உடையுங்கள். இரண்டு பங்காக்கி, இரண்டிலும் 1 மில்லிமோலார் மாங்கனீசு குளோரைடு சேருங்கள். ஒன்றில் மட்டும் லாம்டா பாஸ்ஃபடேஸ் விடுங்கள், மற்றதில் தடுப்பான்களைப் போடுங்கள். 30 டிகிரியில் 30 நிமிடம். இரண்டையும் பக்கத்துப் பக்கத்து லேனில் ஓட்டுங்கள். லாம்டா விட்ட லேனில் பேண்ட் மறைய வேண்டும், மொத்தப் புரதம் அப்படியே இருக்க வேண்டும். இரண்டிலும் ஒரே அளவில் நின்றால் அந்தக் குப்பியை வைத்து ஒரு படம்கூட எடுக்காதீர்கள்.