"அந்த வயசுல அப்படித்தான்" என்று விட்டுவிடக் கூடாதவை

ராமநாதபுரம் கடற்கரையில் நாற்பத்தைந்து வயதைத் தொட்ட பெண் உடம்புக்கு என்ன செய்கிறது என்று சொன்னாலும் கிடைப்பது பெரும்பாலும் இரண்டு பதில்கள். "உடம்புச் சூடு", இல்லையென்றால் "அந்த வயசுல அப்படித்தான் இருக்கும்". இவை பல நேரம் உண்மைதான். உண்மையில்லாத நேரங்களைத்தான் நாம் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

மாதவிலக்கு தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால்தான் நின்றுவிட்டது என்று கணக்கு. நம் நாட்டுப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் நிற்கிறது. அதற்கு முந்தைய சில ஆண்டுகள் தேதி தள்ளும், கூடும், குறையும். 40 வயதுக்கு முன்பே நின்றுவிட்டால் தொல்லை விட்டது என்று இருந்துவிடாதீர்கள். சினைப்பைகளில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் சீக்கிரமே குறைந்தால் எலும்புக்கும் இதயத்துக்கும் கேடு. அதற்கு மருத்துவம் உண்டு.

எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு, நின்று ஒரு வருடம் கழிந்தபின் படும் ரத்தத்தைச் சும்மா விடுவது. "மறுபடி வந்துடுச்சு, இன்னும் இளமைதான்" என்று பக்கத்து வீட்டில் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். ஒரு சொட்டானாலும் சரி, துணியில் லேசான கறையானாலும் சரி, அது மாதவிலக்கு இல்லை. அப்படிப் போகிறவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேருக்குப் புற்றுநோய் இருக்காது. உள்ளே உலர்ந்து போனதாலோ சின்னச் சதை வளர்ந்ததாலோ வந்திருக்கும். ஆனால் மாதவிலக்கு நின்ற பெண்களுக்குக் கர்ப்பப்பையின் உட்சுவரில் புற்றுநோய் வந்தால், அதைப் பெரும்பாலும் முதலில் காட்டிக்கொடுப்பது இந்த ரத்தம்தான். அப்போதே பார்த்தால் குணமாகும் வாய்ப்பு மிக அதிகம். ஸ்கேனில் உட்சுவர் 4 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருந்தால் சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பார்கள். தொழுகைக்கும் கோயிலுக்கும் போக முடியாதே என்ற சங்கடத்தில் இதை மறைக்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து மறைக்காதீர்கள்.

நிற்பதற்கு முந்தைய ஆண்டுகளின் அதிக ரத்தப்போக்கும் இதே பதிலில் மூழ்கிவிடுகிறது. ஏழு நாளுக்கு மேல் போவது, மணிக்கு ஒரு துணி மாற்றுவது, கட்டிகட்டியாய் விழுவது, இவை எந்த வயதிலும் இயல்பல்ல. ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே வந்தாலே ரத்தசோகை. 8-க்குக் கீழ் என்றால் கடுமையானது. சின்னப்பாலத்திலோ ஏர்வாடியிலோ பாசி எடுக்கக் கடலில் இறங்கும் பெண்ணுக்குத் தலைசுற்றல் வந்தால் அது உயிர் போகும் விஷயம்.

அப்புறம் இதற்கு நேரெதிரான தவறு: "இனி எதுக்கு, எடுத்துப் போடுங்க" என்று முதல் சந்திப்பிலேயே கர்ப்பப்பையை எடுக்கச் சம்மதிப்பது. ரத்தத்தைக் குறைக்கும் மாத்திரைகளும், கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனமும் பலருக்குப் போதும். அறுவை தேவைதான் என்றால், சினைப்பைகளையும் சேர்த்து எடுப்பார்களா என்று வாய்விட்டுக் கேளுங்கள். இரண்டு சினைப்பைகளும் போய்விட்டால் சில ஆண்டுகளில் மெல்ல நடக்க வேண்டிய மாற்றம் ஒரே நாளில் வந்து இறங்கும். டிஸ்சார்ஜ் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். என்ன எடுத்தார்கள் என்றே தெரியாமல் பத்து வருடம் கழித்து வந்து நிற்கிறவர்களுக்கு மருந்து கொடுப்பது கடினம்.

சரி, வேர்வைக்கு வருவோம். மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும் ஏப்ரலிலும் அடுத்து வரும் மே மாதத்திலும் இந்தக் கரையில் யாருக்குத்தான் வேர்க்காது? மாதவிலக்கு நிற்பதால் வரும் சூடு நெஞ்சில் கிளம்பி முகத்துக்கு ஏறும், சில நிமிடத்தில் அடங்கும், பிறகு குளிரும். வாடைக்காற்று அடிக்கும் மார்கழி இரவிலும் போர்வையைத் தள்ள வைக்கும். நுங்கும் இளநீரும் குடிக்க இதமானவை. பதநீரும் அப்படியே, சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்கு. ஆனால் அவை இதை நிறுத்தாது. எல்லா இரவு வேர்வையும் இதுவல்ல என்பதையும் மறக்கக் கூடாது. இருமலும் மாலைக் காய்ச்சலும் எடைக் குறைவும் சேர்ந்திருந்தால் காசநோய்க்கான சளிப் பரிசோதனை, படபடப்பும் உடல் மெலிவும் இருந்தால் தைராய்டு, சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர் என்றால் ராத்திரியில் சர்க்கரை இறங்குகிறதா என்ற சோதனை வேண்டும்.

வெளியே சொல்லாமலே போகும் இன்னொன்று, கீழே எரிச்சல். குடத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்துக் குடிநீர் வாங்கும் ஊர்களில் பெண்கள் கடைசியாகக் குடிக்கிறார்கள். கடலில் நிற்கும்போதும் கருவாடு காயப்போடும்போதும் ஒதுங்க இடமில்லையே என்று அதையும் குறைக்கிறார்கள். ஈஸ்ட்ரோஜன் குறைந்து உலர்ந்த இடத்தில் சிறுநீர்த் தொற்று சுலபமாகத் திரும்பத் திரும்ப வரும். வளைகுடாவில் இருக்கும் கணவர் நீண்ட நாள் கழித்து விடுப்பில் வரும்போது உறவு வலிக்கிறது, அதைச் சொல்லவும் முடியவில்லை, மனத்தாங்கல் வளர்கிறது. குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் உள்ள களிம்பு இதற்கு நன்றாகவே கேட்கும். மருத்துவர் பெண்ணாக இல்லாவிட்டால் நர்ஸிடமாவது சொல்லுங்கள்.

தூக்கமின்மையும் எரிச்சலும் அழுகையும் வந்தால் தர்காவுக்கோ கோடாங்கியிடமோ அழைத்துப் போவதோடு நிறுத்திவிடக் கூடாது. வேண்டுதல் அவரவர் நம்பிக்கை. மருத்துவரையும் பார்க்க வேண்டும். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.

எலும்பு தேய்வது விழுந்து முறியும் வரை தெரியாது. நாளுக்கு 1200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் 360-க்குச் சற்று மேல் இருக்கிறது, மீதிக்குப் பால், எள், முள்ளோடு தின்னும் நெத்திலி. இவ்வளவு வெயிலில் வேலை செய்தும், சேலைமேல் முழுக்கைச் சட்டை போட்டு முகத்தையும் மூடிக்கொள்கிறவர்களுக்கு வைட்டமின் டி குறைய வாய்ப்புண்டு.

குறைந்துபோன ஈஸ்ட்ரோஜனை ஈடுகட்டக் கொடுக்கும் ஹார்மோன் மாத்திரை என்றாலே புற்றுநோய் என்ற பயம் 2002-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வுக்குப் பிறகு பரவியது. பின்னர் அதே தரவுகளை வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்ததில், 60 வயதுக்குள் அல்லது நின்று பத்து ஆண்டுக்குள் தொடங்கும் ஆரோக்கியமான பெண்களில் பெரும்பாலோருக்கு நன்மையே அதிகம் என்று தெரிந்தது. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், ரத்தக்கட்டு ஏற்பட்டவர்கள், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்கள் எடுக்கக் கூடாது; அவர்களுக்கு ஹார்மோன் இல்லாத மாத்திரைகள் உண்டு. கர்ப்பப்பை இருப்பவர்கள் ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியாக விழுங்கினால் உட்சுவர் தடிக்கும், கூட இன்னொரு ஹார்மோனும் வேண்டும். அதனால் பக்கத்து வீட்டு அக்காவின் சீட்டைக் காட்டி மெடிக்கல் ஷாப்பில் இதை வாங்காதீர்கள்.