ஊர்க் குளத்தைத் தூர்வாரப் போகிறீர்களா? பொக்லைனுக்கு முன்னால் செய்ய வேண்டியவை

எங்கள் ஊர் கடலூர் மாவட்டம் குறிஞ்சிப்பாடி பக்கம். இளைஞர்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து முதலில் செய்த வேலை, குளக்கரையில் 200 மரக்கன்று நட்டது. போட்டோ எடுத்தோம், டீ குடித்தோம், கலைந்தோம். சித்திரை முடியும்போது ஆடு விட்டுவைத்தது பதினொன்று. அதற்கப்புறம்தான், கன்று நடுவது இந்த வேலையின் முதல் படி இல்லை, கடைசிப் படி என்று புரிந்தது. புதிதாகத் தொடங்குபவர்களுக்காக, நாங்கள் கற்றுக்கொண்ட வரிசையிலேயே எழுதுகிறேன்.

படி 1: ஆள் சேர்ப்பது

வாட்ஸ்அப் குழுவில் அறுபது பேர் இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை மண்வெட்டியோடு வருவது ஒன்பது பேர். அது போதும். ஆனால் அந்த ஒன்பது பேரும் ஒரே தெருவாக இருந்தால் வேலை நடக்காது. குளம் ஊருக்கும் காலனிக்கும் பொது, கூட்டமும் அப்படித்தான் இருக்க வேண்டும். கோயில் மண்டபத்தில் கூடினால் சிலர் தயங்குவார்கள். நாங்கள் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடிக்கு மாறிய பிறகுதான் எல்லோரும் வந்தார்கள். ஆடு மேய்க்கும் அக்காவையும் துணி துவைக்க வருபவர்களையும் கட்டாயம் கூப்பிடுங்கள். எந்தப் படித்துறையில் சேறு, எந்தப் பக்கம் ஆழம் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி.

சங்கமாகப் பதிவு செய்ய அவசரம் வேண்டாம். 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி ஏழு பேர் இருந்தால் போதும். ஒரு வேலையை முடித்த பிறகு பதிந்துகொள்ளலாம்.

படி 2: குளம் யாருடையது?

இதில் சறுக்கினால் எல்லாமே சறுக்கும். 'ஊர்க் குளம்தானே' என்று இறங்கிவிடக் கூடாது. சர்வே எண்ணைக் கண்டுபிடித்து, வருவாய்த் துறையின் இ-சேவை இணையதளத்தில் அ-பதிவேட்டைப் பாருங்கள். என்ன புறம்போக்கு, எவ்வளவு பரப்பு என்று அதில் இருக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் (வி.ஏ.ஓ.) புலப்படத்தையும், அதாவது எல்லை அளவுகள் உள்ள வரைபடத்தையும், கேட்டு வாங்குங்கள்.

பொதுவாக 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ள ஏரிகள் நீர்வளத் துறையிடம் இருக்கும். அதற்குக் குறைந்த ஏரிகள், குளம், குட்டை எல்லாம் ஊராட்சி, ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. எங்கள் பக்கத்துப் பெருமாள் ஏரி போன்ற பெரிய ஏரிகளில் நம் மாதிரிக் குழு கை வைக்க முடியாது, வைக்கவும் வேண்டாம். முதல் வேலைக்கு ஒரு சின்னக் குட்டை போதும்.

மீன் குத்தகை இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். குத்தகை எடுத்த அண்ணனிடம் முன்கூட்டியே பேசாமல் தண்ணீரை இறைத்தால் சண்டைதான் வரும். ஆக்கிரமிப்பு தெரிந்தால் நீங்களாக வேலியைப் பிடுங்காதீர்கள். மனு கொடுங்கள், சர்வேயர் வந்து அளந்து கல் நடட்டும்.

படி 3: தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

எனக்குப் பிடித்த படி இதுதான். பெரும்பாலோர் தாண்டிப் போவதும் இதைத்தான். தூர்வாரிய குளம் காய்ந்தே கிடப்பதற்கு முக்கியமான காரணம், வரத்து வாய்க்கால் அடைந்து போயிருப்பது.

ஐப்பசி மழை கொட்டும்போது குடையோடு கிளம்புங்கள். தண்ணீர் எந்தத் திடலிலிருந்து ஓடி வருகிறது, எங்கே ரோட்டில் முட்டித் திரும்புகிறது என்று நடந்து பாருங்கள். பெரியவர்களிடம், 'குளம் எப்படி நிரம்பும்?' என்று பொதுவாகக் கேட்டால் பதில் வராது. '2015 மழையில் எந்தப் பக்கம் கரை தளும்பியது?' என்று கேளுங்கள். கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டுவார்கள். எங்கள் வாய்க்காலின் குறுக்கே ஒரு ரோடு போட்டு, அடியில் குழாய் வைக்க மறந்திருந்தார்கள். குளம் நிரம்பாததற்கு அதுதான் காரணம். நாங்கள் வானத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம்.

கொஞ்சம் கணக்கும் போடுங்கள். 60 மீட்டர் நீளம், 40 மீட்டர் அகலம், சராசரி ஒரு மீட்டர் ஆழம் என்றால் 2,400 கன மீட்டர், அதாவது 24 லட்சம் லிட்டர். ஒரு ஏக்கரில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழுவது சுமார் 4 லட்சம் லிட்டர். அதில் கால் பங்கு ஓடி வந்தால் 1 லட்சம். ஆக, அந்த ஒரு மழையில் குளம் நிரம்ப 24 ஏக்கர் நிலத்துத் தண்ணீர் தடையில்லாமல் வந்து சேர வேண்டும். வாய்க்கால் அத்தனை நிலத்தைத் தொடவில்லை என்றால், இன்னும் ஆழமாகத் தோண்டி என்ன பயன்?

வாய்க்காலின் வாட்டம் (சரிவு) பார்க்கப் பெரிய கருவி வேண்டாம். கொத்தனார் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் டியூபை ஒரு நாள் இரவல் கேளுங்கள்.

படி 4: கிராம சபைத் தீர்மானம்

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும். நமக்கு ஏற்றது முதல் இரண்டும்தான். அப்போது தீர்மானம் போட்டால் கோடையில் குளம் காய்ந்திருக்கும்போது வேலை பார்க்கலாம். அக்டோபரில் போட்டால் வடகிழக்குப் பருவமழை முந்திக்கொள்ளும். தீர்மானம் பதிவேட்டில் ஏறியதா என்று பார்த்து, நகல் வாங்கி வையுங்கள். வாய்வார்த்தையை நம்பி ஒரு வருடத்தை இழந்தவர்கள் நாங்கள்.

வண்டல் எடுக்கத் தாசில்தார் அனுமதி வேண்டும். விவசாயிகளும் மண்பாண்டம் செய்பவர்களும் இலவசமாகவே எடுக்கலாம். டிராக்டர் வைத்திருக்கும் விவசாயிகளைச் சேர்த்துக்கொண்டால் மண்ணை அப்புறப்படுத்தும் செலவில் பாதி குறையும்.

படி 5: தோண்டுவது

சீமைக் கருவேலத்தை வெட்டினால் திரும்பத் துளிர்க்கும். வேரோடு பிடுங்க வேண்டும். பொக்லைன் மணிக்கணக்கில் வாடகை என்பதால், ஓடிய நேரத்தைக் குறிக்கப் பக்கத்திலேயே ஒருவர் நோட்டோடு நிற்கட்டும். மாலையில் அந்த நோட்டுப் பக்கத்தை அப்படியே படம் எடுத்து குழுவில் போட்டுவிடுங்கள். எங்களுக்கு ஒரு நாள் கணக்கில் இரண்டு மணி நேரம் கூடுதலாக வந்தது, நோட்டு இருந்ததால் தப்பித்தோம்.

வண்டல் போனதும் நிறுத்துங்கள். அடியில் உள்ள களிமண் அடுக்கைக் கிழித்து மணலைத் தொட்டுவிட்டால் தண்ணீர் நிற்காது. கடற்கரை ஊர்களில் ஆழம் போகப் போக உப்புத் தண்ணீர் ஏறும் ஆபத்தும் உண்டு. எடுத்த மண்ணைக் கரை விளிம்பிலேயே கொட்டினால் அடுத்த மழையில் அது குளத்துக்குள்ளேயே போய்ச் சேரும். நாலைந்து அடி தள்ளிப் போடுங்கள்.

படி 6: இப்போது மரம்

கரைக்கு என் ஓட்டு பனைக்குத்தான். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் வந்துபோன மறுநாள், பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர்கள் வேறு மரம் சொல்ல மாட்டார்கள். ஆடி, ஆவணியில் விழும் பனம்பழக் கொட்டையைப் பொறுக்கி, பத்தடி இடைவெளியில் குழி எடுத்துப் புதைத்தால் போதும், தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. மாதக்கணக்கில் மேலே ஒன்றும் தெரியாது, பயப்படாதீர்கள். தை மாதம் பிள்ளைகளைக் கொஞ்சம் கவனியுங்கள். எங்கள் ஊரில் பொங்கலுக்கு நாற்பது பனை கிழங்காகப் பானைக்குப் போய்விட்டது.

கரைச் சரிவில் மண் அரிக்காமல் இருக்க வெட்டிவேர் நடலாம். நொச்சிக்காடு பக்கம் பயிராகவே போடுகிறார்கள், நாற்றுக்கு அலைய வேண்டாம்.

படி 7: அளவுக் கம்பம்

ஒரு பழைய கல் தூணில் அடிக்கு அடி கோடு போட்டு எண் எழுதி, குளத்தின் ஆழமான இடத்தில் நடுங்கள். வாரம் ஒரு முறை பள்ளிப் பிள்ளைகள் தண்ணீர் மட்டத்தைக் குறித்து வைக்கட்டும். அடுத்த முறை ஒன்றியத்தில் பணம் கேட்கப் போகும்போது அந்த நோட்டு உங்களுக்காகப் பேசும். ஒன்று மட்டும், கம்பத்தைக் குளம் காய்ந்திருக்கும்போதே நட்டுவிடுங்கள். மழை வந்தபிறகு இடுப்பளவு சேற்றில் நின்றுகொண்டு, 'கொஞ்சம் இடப்பக்கம் சாய்கிறது' என்று கரையிலிருந்து ஆளாளுக்குச் சொல்வதைக் கேட்பது சுலபமில்லை.